மலை இல்லாத மாவட்டத்தில் மலை சைக்கிள்

கடலூர் மாவட்டத்துக்காரரிடம் "உங்க ஊர்ல மலை இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "இருக்கே!" என்பார். ஒன்று கேப்பர் மலை. இன்னொன்று திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் குடியிருக்கும் ஔஷதகிரி. நீலகிரிப் பக்கத்து ஆள் யாராவது வந்து பார்த்தால் இரண்டையும் மேடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. கேப்பர் மலையில் மத்திய சிறை இருக்கிறது. 1918-இல் பாரதியாரையே கடலூர்ச் சிறையில்தான் அடைத்தார்கள். நிலவியல் படித்தவர்களைக் கேட்டால், எங்கள் மண்ணுக்கென்றே 'கடலூர் மணற்கல்' என்று பாடப்புத்தகத்தில் தனிப்பெயர் இருப்பதைச் சொல்வார்கள். இத்தனை பெருமை உள்ள ஒன்றை மேடு என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஆனால் இந்த இரண்டை நம்பி ஒரு மலை சைக்கிள் வியாபாரம் நடக்கும் என்று நான் நினைத்ததில்லை. நடக்கிறது. கடலூர், சிதம்பரம் எந்த ஊர் சைக்கிள் கடையில் நுழைந்தாலும் முன்வரிசையில் நிற்பது அதுதான். ஹேண்டில்பாரில் தொங்கும் அட்டையில் பனி மூடிய சிகரம், பாறையிலிருந்து அந்தரத்தில் பாயும் ஒரு வெள்ளைக்காரர். வாங்குகிற பத்தாம் வகுப்புப் பையன் அதில் ஏறிப் போவது டியூஷனுக்கு. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, ஆக 21 கியர். வழியில் அவன் பார்க்கப்போகும் ஒரே ஏற்றம் ரயில்வே சுரங்கப்பாதையின் மறுபக்கம். மழைக்காலத்தில் அதுவும் தண்ணீருக்குள் போய்விடும்.

எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. காரணம் சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகன். அங்கே அவனைப் பார்க்கப் போனபோது, "மாமா, நாளைக்கு ஒரு தீவுக்குப் போறோம்" என்றான். நான் கோயில் ஏதோ இருக்கிறது போல என்று வேட்டியை எடுத்து வைத்துக்கொண்டேன்.

புலாவ் உபின் என்று பேர். சாங்கி படகுத்துறையிலிருந்து மோட்டார் படகில் பத்து நிமிடச் சொச்சம். 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். ஷேர் ஆட்டோவில் வளர்ந்த நமக்கு இந்த விதி புதிதில்லை. சைக்கிளுக்குத் தனிக் காசு. ஒரு காலத்தில் கருங்கல் வெட்டிய தீவு அது. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலத்துக்கு இந்தத் தீவிலிருந்துதான் கல் போயிருக்கிறது. குவாரிகளை மூடிய பிறகு பள்ளத்தில் தண்ணீர் நின்று ஏரியாகிவிட்டது. அப்படி ஒரு குவாரியைச் சுற்றி 45 ஹெக்டேரில் சைக்கிள் தடம் போட்டு, 2008-இல் 'கெத்தாம் மலை சைக்கிள் பூங்கா' என்று திறந்துவிட்டார்கள். நம் பக்கத்தில் குவாரிப் பள்ளத்தில் குப்பையைக் கொட்டுவோம். அல்லது கோடை விடுமுறையில் பிள்ளைகள் குளித்து ஆபத்தில் சிக்கிய பிறகு எச்சரிக்கைப் பலகை வைப்போம்.

அங்கே பலகை முன்னாலேயே இருக்கிறது. தடத்தின் கடினத்தைச் சொல்லக் குறியீடு உண்டாம். பச்சை வட்டம் என்றால் எளிது. நீலச் சதுரம் நடுத்தரம். கறுப்பு வைரம் கடினம். இரட்டைக் கறுப்பு வைரம் என்றால், என் அக்கா மகன் விளக்கியபடி, "அத்தைகிட்ட சொல்லிட்டு வந்தீங்களா மாமா?" என்று அர்த்தம்.

நாங்கள் நீலச் சதுரத்தில் போனோம். காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு பாதையைக் கடந்தது. அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள்தான் இறங்கி மரியாதை செய்தோம். படகுத்துறைக் கடையில் வாங்கிய பன் பாக்கெட்டைக் குரங்கு வாங்கிக்கொண்டது. அந்தத் தீவிலும் மலை ஒன்றும் பிரமாதமில்லை. கேப்பர் மலைக்காரன் கூச்சப்படாமல் நின்று பேசக்கூடிய உயரம்தான். திரும்பி வரும் படகில் அவன் முடிவு செய்துவிட்டான். "மாமா, உங்க ஊர்லயும் கடல் இருக்கு, தீவு இருக்கு, மேடு பள்ளம் இருக்கு. நான் ஒரு சைக்கிள் வாங்கித் தரேன்." அவன் மேடு என்றதை நான் அந்த இடத்திலேயே திருத்தினேன்.

சைக்கிள் வந்த அன்று என் மனைவி அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, கேரியர் எங்க?"

"இதுல கேரியர் வராது."

"ஸ்டாண்டு?"

"அதுவும் கிடையாது. சுவத்துல சாத்திக்கணும்."

"மட்கார்டு? பெல்லு? செயின் கவரு?"

நான் டிஸ்க் பிரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இவ்ளோ காசு வாங்கிக்கிட்டு எல்லாத்தையும் கழட்டிக்கிட்டா குடுத்தான்?"

இந்தக் கேள்விக்கு உலகத்து மலை சைக்கிள் கம்பெனி எதனிடமும் நேர்மையான பதில் இருக்காது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கல்யாணத்துக்குப் போகும் மனைவி, முன்பாரில் குழந்தை என்று ஒரு குடும்பத்தையே சுமந்த வண்டியிலிருந்து குடும்பம் உட்காரும் இடத்தை எல்லாம் கழற்றிவிட்டு, விலையை நாலு மடங்காக்கி விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அப்படி நினைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமால்பைஸ் என்றொரு மலை. விழுவதற்கென்றே பேர் வைத்த மாதிரி. அந்த வட்டாரத்துப் பையன்கள் 1930களின் பழைய, கனத்த, குண்டு டயர் சைக்கிள்களை எங்கெங்கோ தேடிப் பிடித்து, மண்பாதையில் மேலிருந்து கீழே விட்டார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அதில். கீழே வருவதற்குள் சூட்டில் பிரேக்கின் கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976-இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பேர் வந்தது. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் என்று அந்தக் கூட்டத்திலிருந்து கிளம்பியவர்கள்தான் பிறகு கம்பெனி வைத்தார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் ஒரு பந்தயமாகவே சேர்ந்துவிட்டது.

பழைய கனத்த சைக்கிள், மோசமான பாதை, நம்ப முடியாத பிரேக். இந்த மூன்றும் இருந்தால் மலை சைக்கிள் விளையாட்டு என்றால், அதை எங்கள் கடலோரத்துக் குப்பங்களில் மீன்கூடை கட்டிப் போனவர்கள் எப்போதோ ஆரம்பித்துவிட்டார்கள். கேரியரில் கூடை, கூடையிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர், கணுக்கால் புதையும் மணல், விடியுமுன் சந்தைக்குப் போயாக வேண்டிய அவசரம். அவர்களை யாரும் படம் எடுத்து அட்டையில் போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நானும் முறைப்படி எளிதான தடத்திலிருந்துதான் தொடங்கினேன். தேவனாம்பட்டினம் சில்வர் பீச், காலை நேரம். சந்தேகமில்லாமல் பச்சை வட்டம். பாதை சமதளம், காற்று பதம். தடைகள் மனித வடிவில்தான் வரும். நடைப்பயிற்சிக் குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாக நிறுத்தி, "எவ்ளோ சார் ஆச்சு?" என்று கேட்பார்கள். எந்தத் தொகையைச் சொன்னாலும், "இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா வண்டியே வாங்கியிருக்கலாமே" என்பார்கள். நம் ஊரில் எஞ்சின் இருந்தால்தான் அது வண்டி.

பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம். 1690-இல் மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி இதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரை உள்ள நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டிருக்கிறார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. இன்றைய மனைப்பிரிவு விளம்பரங்களில் 'பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று அளக்கும் முறைக்கு மூதாதை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கேப்பர் மலைதான் பெயருக்கு ஏற்ற இடம் என்பதால் அங்கேயும் ஏறினேன். உள்ளே செம்மண் அரித்து ஓடைகளாகக் கிடக்கிறது. டயருக்கு நல்ல பிடிமானம். இரண்டு ஆள் ஆழப் பள்ளங்கள், குறுக்கே முந்திரி வேர். அட்டைப் படத்து வெள்ளைக்காரரைக் கொண்டுவந்து விட்டால் ஒரு நாள் முழுக்க இறங்கவே மாட்டார். 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. அதன்பின் வைத்த முந்திரிகள் வளர்ந்து இப்போது கிளை விரித்திருக்கின்றன, மிகச் சரியாகச் சைக்கிளில் வருபவனின் நெற்றி உயரத்துக்கு. ஹெல்மெட் எதற்கு என்று எனக்குப் புரிய வைத்தது மலை அல்ல, முந்திரி. திருவந்திபுரம் பக்கம் இறங்குவதாக இருந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். முகூர்த்த நாளில் தேவநாத சுவாமி கோயிலைச் சுற்றி அத்தனை கல்யாணம் நடக்கும். பிரேக் பிடிக்காமல் இறங்கினால் யாராவது ஒரு பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு எதிரே நிற்பார்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் நெடுஞ்சாலையில் சுமார் 45 கிலோமீட்டர். அதில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எழுத எதுவுமில்லை. லாரிக்காரர்கள் ஹாரனிலேயே எழுதிவிடுகிறார்கள். ருசி எல்லாம் கடலோரமாகக் குப்பம் குப்பமாகப் போகும் வழியில்தான். சாமியார்பேட்டை, வேளங்கிராயன்பேட்டை, புதுப்பேட்டை, பரங்கிப்பேட்டை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, நடுவில் மணல்.

மணலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலையேறும்போது கால் வலித்தாலும் சைக்கிள் நகரும். மணலில் கால் வலிக்கும், சைக்கிள் நகராது. 21 கியரில் எதைப் போட்டாலும் பின்சக்கரம் இருந்த இடத்தில் குழி தோண்டும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் அகலப் பரவி ஓரளவு மிதக்கும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல் இன்னும் கெட்டி. ஆனால் எங்கள் கரையில் கடல் மூன்றடிக்கு மேல் ஏறி இறங்குவதில்லை. ஆகவே அந்தக் கெட்டித் தரை ஒரு ஒற்றையடிப் பாதை அகலத்துக்குத்தான் கிடைக்கும். அதிலும் நண்டு வளை. 1781 ஜூலை முதல் தேதி, ஆனி வெயிலில், இதே பரங்கிப்பேட்டை மணலில் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். பீரங்கிகளை மாடு கட்டி இழுத்திருக்கிறார்கள். நான் 16 கிலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்று, அந்த மாடுகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அப்படி நிற்கும்போது பின்னாலிருந்து டர்ரென்று ஒரு சத்தம். ஒரு டி.வி.எஸ். எக்ஸ்எல். பின்னால் மீன் பெட்டி, முன்னால் இன்னொரு பெட்டி, நடுவில் வெற்றிலை போட்ட ஒரு பெரியவர், அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு பேரன். கியர் இல்லை, ஷாக் அப்சர்வர் பேருக்கு, டயர் வழுக்கை. மணலில் லேசாக நெளிந்து என்னைக் கடந்து போனது. பேரன் மட்டும் கை காட்டினான்.

சவுக்குத் தோப்புக்குள் போனால் நிழல் இருக்கும். சருகு மெத்தையும் இருக்கும். மெத்தைக்கு அடியில் சீமைக் கருவேல முள்ளும் இருக்கும். டயர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் முள்ளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றி விட்டு, வால்வைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இன்னா சார், வால்டியூபே இல்லியே?" மலை சைக்கிளில் மோட்டார் சைக்கிள் வால்வு. அதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இது வண்டிதான்" என்றார். வண்டிக்கு உள்ள ரேட்டையே வாங்கிக்கொண்டார்.

குப்பங்களுக்குள் ஓட்டுவதற்கென்று சில சட்டங்கள் உண்டு. காயும் வலை மேல் சக்கரம் ஏறக்கூடாது. சாலை ஓரத்துக் கருவாட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடித்தாலும். நாய்கள் மோட்டார் வண்டிகளைக் கண்டுகொள்வதில்லை. சத்தமில்லாமல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருகிற ஆள் மேல்தான் அவற்றுக்குச் சந்தேகம்.

ஆனால் எந்தப் பலகையிலும் குறி இல்லாத தடம் ஒன்றை வெள்ளாறு தாண்டிய பிறகு பார்த்தேன். மாசி, பங்குனியில் நெல் அறுத்த வயலில் உளுந்து வந்திருக்கும். செடியோடு பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கி அடித்துக் கொடுக்கும், கூலி கிடையாது. கிள்ளைக்குப் போகும் வழியில் அப்படி ஒரு நீளமான உளுந்துப் பரப்பில் நான் இறங்கினேன். முதல் பத்தடி சுகமாக இருந்தது. நெத்து வெடிக்கும் சத்தம் பொடிப் பட்டாசாகக் கேட்டது. அப்புறம் கொடி ஒன்று பின்சக்கரத்தில் ஏறி, பல்சக்கரம் ஏழையும் சுற்றி, செயினுக்குள் புகுந்து, வண்டி நின்றது.

சாலையோரம் முறத்தோடு உட்கார்ந்திருந்த ஆயா எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து, "பார்க்காம ஏறிட்டேன் ஆயா" என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து டயரைத்தான் பார்த்தார். மலை சைக்கிள் டயரில் கட்டை கட்டையாகப் பல் இருக்கிறதல்லவா, அந்த இடுக்குகளில் உளுந்து வரிசையாகச் சிக்கியிருந்தது. ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டார். ஒன்றுகூட உடையவில்லை.

"லாரிக்காரன் ஏறுனா பாதி நசுங்கிப் போவுது. உன் டயரு பதமா இருக்கு தம்பி."

"அப்படியா ஆயா?"

"அந்தப் புளியமரம் வரைக்கும் போயி, திரும்பி வா."

போனேன். திரும்பி வந்தேன். கொடி சிக்கும்போதெல்லாம் அவரே அரிவாளால் அறுத்துவிட்டார். இன்னொரு பக்கம் பரப்பியிருந்த வீட்டுக்காரரும் கூப்பிட்டார். மலை சைக்கிளுக்கு எங்கள் மாவட்டத்தில் இதைவிட உருப்படியான வேலை இருக்க முடியாது. கிளம்பும்போது ஒரு படி உளுந்தைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்த ஆயா, சைக்கிளைப் பின்பக்கமாகப் பார்த்துவிட்டு, என் மனைவி கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

கிள்ளை சாதாரண ஊர் இல்லை. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராக சுவாமியே தீர்த்தவாரிக்கு இங்கேதான் வருகிறார். அங்கிருந்து பிச்சாவரம் பக்கம். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுரபுன்னைக் காடு. தில்லை மரமும் இங்கே உண்டு, சிதம்பரத்துக்குப் பழைய பெயர் கொடுத்த அதே மரம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நிலைதடுமாறும்போது பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதை விட்டுவிடுவது நல்லது.

காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எம்.ஜி.ஆர். திட்டு. 'இதயக்கனி' படத்துக்கு எம்.ஜி.ஆர். பிச்சாவரத்துக்கு வந்தது 1970களில். இந்தத் திட்டில் மீனவக் குடும்பங்கள் இருந்தன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்த ஊரைத் துடைத்துவிட்டது. பிழைத்தவர்கள் கரைக்கு இந்தப் பக்கம் குடியேறிவிட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின. அந்தக் காட்டின் அருமையை இங்கே யாருக்கும் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா மகன் சொன்ன தீவு இதுதான். அங்கே போக வேண்டுமென்றால் படகு. தெரிந்த மீனவர் ஒருவர் என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார். 12 பேருக்காகக் காத்திருக்கவில்லை.

"அண்ணே, சைக்கிளுக்கு எவ்ளோ?"

"அதுக்கு எதுக்கு சார் காசு? அது உங்கள சுமக்கப் போறதில்லையே, பாவம்."

சொன்னபடியே நடந்தது. திட்டில் பாதை கிடையாது. மணல், அடப்பங்கொடி, இடிந்த சுவர்கள். சைக்கிளை நான் தோளில் சுமந்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். சைக்கிள் தடக் குறியீட்டில் இரட்டைக் கறுப்பு வைரத்துக்கு மேல் ஒன்று வைத்தால் அதை எங்கள் திட்டுக்கே கொடுக்கலாம். படத்தை எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். "சூப்பர் மாமா, டவுன்ஹில் எப்படி?" என்று கேட்டிருந்தான்.

சிதம்பரத்துக்கு உள்ளே வந்தால் உயரம் என்பது ஏழு நிலைக் கோபுரம் நான்கும்தான். அதில் சைக்கிள் ஏற்ற முடியாது. தேரோடும் வீதிகள் அகலமானவை, ஆனால் சாயங்காலத்தில் பூக்காரர்களும், ஆட்டோக்களும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர்களும் சேர்ந்தால் பிச்சாவரத்துக் கால்வாயில் துடுப்புப் போடுவது சுலபம்.

நீங்களும் போவதாக இருந்தால் மாசியிலோ பங்குனியிலோ போங்கள். உளுந்து பரப்பிய சாலையில் வேகமாக ஏறாதீர்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும் கேட்காமல், வாங்கும்போதே ஒரு கேரியரும் பெல்லும் ஸ்டாண்டும் மாட்டித் தரச் சொல்லுங்கள். அவரிடம் உள்ளே இருக்கிறது. வீடு திரும்பியதும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், செயினை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டுவிட்டுப் படுங்கள். எங்கள் கடல் உப்புக்கு ஒரே இரவு போதும்.